ஏழடிக்கு மேலே

அன்று சனிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு சுந்தரலிங்கத்தின் வீட்டு மாடி அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர்.

ஒன்று, வீட்டுக்காரர் சுந்தரலிங்கம். வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருப்பவர், வயது ஐம்பத்து நான்கு. இரண்டு, அவர் மனைவி அக்கம்மாள். வயது நாற்பத்தெட்டு. அன்றைக்குக் கம்பத்தில் ஏறப் போகிறவள் அவள்தான். மூன்று, ஷீபா. அக்கம்மாளுக்குக் கம்பம் ஏறக் கற்றுக்கொடுத்தவள். நான்கு, ஷீபாவின் அம்மா ஞானபாக்கியம் டீச்சர். ஐந்து, அடுத்த வீட்டு மொக்கைச்சாமி. ஆறு, மொக்கைச்சாமியின் மனைவி ஜக்கம்மா. ஏழு, தெருமுனைத் தையல்கடை விஜி.

இவர்களைத் தவிர பூண்டு மூட்டை முப்பத்து நான்கு. இலவம்பஞ்சு மெத்தை இரண்டு. அறையின் நடுவில், தரையில் ஊன்றி மேல்தளத்தை முட்டிக்கொண்டு நின்ற எவர்சில்வர் கம்பம் ஒன்று.

அந்தக் கம்பத்தைப் பற்றிய ஒரு ரகசியம் தனக்கு மட்டும்தான் தெரியும், மற்ற ஆறு பேருக்கும் தெரியாது என்று சுந்தரலிங்கம் நினைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் கணக்கு தப்பியது மிகக் குறைவு. அன்றைக்குத் தப்பியது.

கம்பம் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஷீபா பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் எங்கோ பேங்குகள் கவிழ்ந்தன என்று இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெட்டியும் ஒரு நீளப் பையுமாக வந்து இறங்கினாள். நீளப் பைக்குள் இருந்தது மூன்று துண்டு எவர்சில்வர் குழாய். ஒன்றோடொன்று திருகினால் ஒரே கம்பமாகிவிடும். ஆபீஸ் விட்டதும் அவள் போய் இரண்டு வருஷம் கற்றுக்கொண்டது 'போல் டான்ஸ்' என்கிற கம்ப ஆட்டம். கம்பத்தைப் பிடித்து ஏறுவது, சுற்றுவது, தொங்குவது, தலைகீழாக நிற்பது எல்லாம் அதில் உண்டு.

கம்பத்தை நிறுத்த மேலே கெட்டியான தளம் வேண்டும். ஞானபாக்கியம் டீச்சர் வீடு ஓட்டு வீடு. அங்கே அதைத் திருகி நிறுத்தினால் ஓடு பறந்து பெரியகுளத்தில் போய் விழும். அந்தத் தெருவில் கான்கிரீட் தளம் போட்ட மாடி சுந்தரலிங்கத்தினுடையது மட்டும்தான்.

அக்கம்மாளுக்கோ எட்டு மாதமாக வலது தோள்பட்டை இறுகிக் கிடந்தது. கை காதுக்கு மேலே எழும்பாது. தைலம் தேய்த்தாகிவிட்டது, மாத்திரை விழுங்கியாகிவிட்டது, கம்பம் ஊருக்குப் போய் எலும்பு வைத்தியரையும் பார்த்தாகிவிட்டது. தலை வாருவதற்கு தினம் ஜக்கம்மா வந்தாக வேண்டும். ஒருநாள் ஜக்கம்மா ஊரில் இல்லை. சுந்தரலிங்கம்தான் பின்னிவிட்டார். மூட்டைக்குச் சாக்கு தைத்துத் தைத்துப் பழகின கை. அந்தப் பின்னலை அவிழ்க்க ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது.

"கம்பியில கொஞ்சம் கொஞ்சமாத் தொங்கிப் பழகுங்க ஆன்ட்டி, சரியாகும்" என்று ஷீபா சொல்லியிருக்கிறாள். அக்கம்மாள் சோறு போடும்போது கணவரிடம் கேட்டாள்.

"என்னங்க, மாடியில ஒரு கம்பி நட்டுக்கிறோம்."

"எதுக்கு?"

"தோள்பட்டைக்கு எக்சர்சைசு."

"தளத்துல ஓட்டை போடணுமா?"

"இல்லீங்க. திருகி நிறுத்துறதுதான்."

"அப்பச் சரி."

அவர் கேட்ட கேள்வி ஓட்டையைப் பற்றி மட்டும்தான். டான்ஸைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் மொக்கைச்சாமி மண்டிக்கு வந்தார். மூட்டைமேல் உட்கார்ந்தார். ஒரு பூண்டை எடுத்து உரித்தார். மொக்கைச்சாமி பூண்டை உரித்தால் ஏதோ சேதி இருக்கிறது என்று அர்த்தம்.

"மாப்ளே, ஒங்க வீட்டு மாடியில டான்ஸ் நடக்குதாமே?"

"எங்க வீட்டுலயா? எலி ஓடும்."

"எலி பாட்டு வச்சிக்கிட்டா ஓடும்? மூணு பொம்பளைக கம்பத்துல தொங்குறாகளாம். ஊரே பேசுது."

"ஊரு யாரு சொல்லிப் பேசுது?"

"நான் நாலு பேருக்குச் சொன்னேன். அம்புட்டுதான்."

சுந்தரலிங்கம் சைக்கிளை எடுத்தார். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பதினேழு படியும் சத்தமில்லாமல் ஏறினார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளே அக்கம்மாள் இருந்தாள். வயலில் நாற்று நடப் போகிறவளைப் போலச் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, ஒரு கால் கம்பத்தில் கொக்கி. தரையில் கால் படாமல் கம்பத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். ராட்டினம் சுற்றுவதுபோல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, இரண்டரைச் சுற்று. சுற்றிய காற்றில் பூண்டுச் சருகெல்லாம் எழும்பிப் பறந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் அவர் எங்கேயோ விழுந்திருந்தார்.

சத்தமில்லாமல் பதினேழு படியும் இறங்கினார். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. சாயங்காலக் காப்பிக்கே ஆரம்பித்துவிட்டார்.

"இந்தா, மாடியில என்ன நடக்குது?"

"எக்சர்சைசு."

"அது டான்ஸு!"

"டான்ஸு ஆடினா எக்சர்சைசு ஆகாதா?"

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து எனக்குத் தலை வாரிவிடுமா?" அக்கம்மாள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கை காதைத் தாண்டியது. உச்சந்தலையைத் தாண்டியது. பின்னால் போய்க் கொண்டையைத் தொட்டது. "மூணு மாசத்துக்கு முன்னால இந்தக் கை எங்க நின்னுச்சு? நீங்கதான் எல்லாத்தையும் அளக்கிறவுகளாச்சே. அளந்து சொல்லுங்க."

அளந்தால் தோற்றுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். வேறு பக்கம் போனார்.

"அடுத்த மாசம் கொடைக்கானல் பூண்டு எறங்குது. ரூமு வேணும்."

"பின்னால ஷெட்டுல போடுங்க."

"ஓதம் ஏறும்."

"பத்து வருஷமா அங்கனதான் போட்டீக. அப்ப ஏறாத ஓதம் இப்ப ஏறுமா?"

சுந்தரலிங்கத்துக்கு அவளிடம் 'வேண்டாம்' என்று சொல்லிப் பழக்கமில்லை. கடைசியாக அந்த வார்த்தையைச் சொன்னது கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு தோசைக்கு. அப்போதும் தோசை விழுந்தது. ஆகையால் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தார்.

"சரி, ஒரு பந்தயம். அந்தக் கம்பத்துல ஏறி மேல்தளத்தைக் கையால தொடணும். சாட்சிக்கு ஆளு இருக்கணும். யாரும் தாங்கிப் பிடிக்கக் கூடாது. தொட்டுட்டா ரூமு ஒனக்கு. முப்பத்து நாலு மூட்டையையும் நானே ஷெட்டுக்குத் தூக்கிப் போடுறேன். தொடலைன்னா திங்கக்கெழமை கம்பத்தைக் கழட்டி ஷீபா கையில குடுத்துரணும். பெறகு இந்தப் பேச்சே கூடாது."

அக்கம்மாள் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு யோசித்தாள். தோற்றால் என்ன போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மறுபடியும் தோள் இறுகும். மறுபடியும் ஜக்கம்மா வர வேண்டும். அந்தச் சுற்றும் போய்விடும். அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"சரிங்க. சனிக்கெழமை வச்சுக்கிருவோம். ஆனா எல்லாம் ஊர் முறைப்படி நடக்கணும்."

"முறையா? முறை பத்தி எனக்கே சொல்றியா?" என்று சிரித்தார் சுந்தரலிங்கம்.

அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. பெருமாள் கோயில் உறியடித் திருவிழாவில் வழுக்கு மரத்துக்கு எண்ணெய் பூசுகிறவர் அவர்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்த உரிமை அவருக்கு. வேறு யாரையும் மரத்தின் பக்கத்தில் விடமாட்டார். விளக்கெண்ணெய் நாலு பங்கு, ஊறவைத்து அரைத்த வெந்தயம் ஒரு பங்கு, கற்றாழைச் சோறு ஒரு பங்கு. இந்தக் கலவைக்குத் தப்பி இளவட்டங்கள் உச்சியைத் தொட எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும்.

கலவை பெரிதில்லை. பூசுகிற இடம்தான் பெரிது. அடியில் பூசக் கூடாது. கை எட்டுகிற உயரம் வரைக்கும் மரம் சுத்தமாக இருக்க வேண்டும். ஏறுகிறவனுக்கு முதலில் ஆசை வர வேண்டும். ஆசை வந்த பிறகுதான் வழுக்க வேண்டும்.

பூசி முடித்ததும் ஒரு முறை உண்டு. பூசினவர்தான் முதல் கை வைக்க வேண்டும். மரத்தில் ஆணி இல்லை, முள் இல்லை, கள்ளம் எதுவும் இல்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக. சுந்தரலிங்கம் வருஷா வருஷம் வேட்டியை மடித்துக் கட்டி மரத்தைக் கட்டிப் பிடிப்பார். ஓர் அடி ஏறுவார். இறங்குவார். ஊர் கைதட்டும். மண்டியில் அவரைத் திட்டுகிற ஆள்கூட, "மரம் பூசுறதுல மட்டும் அண்ணாச்சி கையில கள்ளம் கெடையாது" என்பான்.

வியாழக்கிழமை அவர் மாடிக்குப் போய்க் கம்பத்தை அளந்தார். தரையிலிருந்து தளம் ஒன்பதடி பத்து அங்குலம். கம்பத்தில் கைபட்ட தடம் தெரிந்தது. கை வழுக்காமலிருக்கத் தடவிக்கொள்கிற வெள்ளைப் பொடி ஒட்டின தடம். அது எட்டடி ஓர் அங்குலத்தில் இருந்தது. இன்னும் இருபத்தோர் அங்குலம்தான் பாக்கி. பந்தயத்தை மூன்று மாதத்துக்கு முன்னாலேயே வைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கம்மாளும் ஜக்கம்மாவும் ஜவுளி எடுக்கப் பெரியகுளம் போனார்கள். சுந்தரலிங்கம் மண்டியை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. முக்காலியைப் போட்டு ஏறினார். ஏழடிக்குச் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு சொட்டுப் படக் கூடாது. கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை விட்டுப்போகக் கூடாது. பழைய வேட்டித் துணியில் நனைத்து உருவி உருவிப் பூசினார். மரத்துக்கு மூன்று பூச்சு வேண்டும். எவர்சில்வருக்கு ஒன்றே போதுமாக இருந்தது. பளபளவென்றிருந்த கம்பத்தில் பளபளப்பான எண்ணெய். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாக்பீஸ் கோட்டை அழித்தார். பெருமையாக இருந்தது.

கீழே இறங்கியதும் மனசு கேட்கவில்லை. கணக்குப் போட்டார். கை ஏழடியில் இருந்தால் கால் இரண்டடியில் இருக்கும். இரண்டடியிலிருந்து விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் அக்கம்மாள். உள்ளறைக்குப் போய் இலவம்பஞ்சு மெத்தை இரண்டையும் ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிவந்து கம்பத்தின் இரண்டு பக்கமும் போட்டார். அழுத்திப் பார்த்தார். தட்டிவிட்டார். நிம்மதியாக மண்டிக்குப் போனார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏழு பேரும் கூடியது இப்படித்தான்.

மொக்கைச்சாமியைச் சாட்சியாக அழைத்தவர் சுந்தரலிங்கம். மற்றவர்களை அழைத்தவள் அக்கம்மாள். ஞானபாக்கியம் டீச்சருக்கு நாற்காலி போட்டிருந்தது. ஷீபா ஒரு டப்பாவில் வெள்ளைப் பொடி வைத்துக்கொண்டு நின்றாள். அக்கம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் சுந்தரலிங்கம்.

"ஆரம்பிக்கலாம். நீங்க வாங்க."

"நான் எங்க வர?"

"முதல் கை வைக்கணும்ல? ஊர் முறைப்படின்னுதான பேச்சு."

சுந்தரலிங்கம் ஓர் அடி பின்னால் போனார். "அது வழுக்கு மரத்துக்கு. பூசினவுக வைக்கிறது. இங்கன யாரு பூசினா?"

"யாரும் பூசலையில்ல? அப்ப ஏறுறதுக்கு என்ன பயம்?"

"பயமா? எனக்கா?"

"அண்ணே, மரம்னு ஒண்ணு நின்னா முதல் கை ஒங்க கைதானே," என்றாள் ஜக்கம்மா. "வேற யாரு வச்சாலும் ஊருல குத்தம் சொல்லுவாக."

"மாப்ளே, வச்சிட்டு வாய்யா. ஒன் மண்டியைத் தெறக்கணும்ல," என்றார் மொக்கைச்சாமி.

சுந்தரலிங்கம் மனசுக்குள் அளந்தார். ஏழடி வரைக்கும் கம்பம் சுத்தம். ஆறடியில் கையைப் போட்டு, காலைத் தூக்கி, ஒரு தொங்கு தொங்கிவிட்டு இறங்கினால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. மறுத்தால்தான் சந்தேகம் வரும். வேட்டியை மடித்துக் கட்டினார். கம்பத்தைக் கும்பிட்டார். இரண்டு கையாலும் பிடித்தார். காலைத் தூக்கிக் கம்பத்தைக் கவ்வினார்.

பூண்டு மூட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தது போல ஒட்டிக்கொண்டு நின்றார். கைதட்டினார்கள்.

"நல்லா இருக்கு அங்கிள்!" என்றாள் ஷீபா. "வயித்தை உள்ள இழுங்க."

"போதும்ல? எறங்கறேன்."

"ஒரு கை மேல போட்டுட்டு எறங்குங்க," என்றாள் அக்கம்மாள். "கோயில்ல ஒரு அடி ஏறுவீகள்ல? இங்கன மட்டும் என்ன கொறச்சல்?"

"இது போதும்."

"ஒரு கைதாங்க."

"அது சரிப்படாது புள்ள."

"ஏன்?"

"வழுக்கும்."



"வழுக்குமா!" என்றார் மொக்கைச்சாமி. "எவர்சில்வர் கம்பம் எப்படி மாப்ளே வழுக்கும்?"

அக்கம்மாள் அவரைப் பார்த்துச் சொன்னாள். "இல்லண்ணே, அவுக மரம் பூசுறவுக. அவுகளுக்குத் தெரியும். ஆறடிக்கு மேல வழுக்கும்போல."

"ஆறடியில எங்க வழுக்குது?" என்றார் சுந்தரலிங்கம், தொங்கிக்கொண்டே. "ஏழடிக்கு மேலதான்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. ஒருவர் அளவைத் தப்பாகச் சொன்னால் அவரால் திருத்தாமல் இருக்க முடியாது. ஐம்பத்து நான்கு வருஷத்துப் பழக்கம். மண்டியில் ஒருவன் எடையைக் கால் கிலோ தப்பாகச் சொன்னால் எதிர்த்தெருவிலிருந்து கத்தித் திருத்துகிறவர்.

"ஏழடிக்கு மேலயா?" என்றாள் அக்கம்மாள். "அம்புட்டுத் துல்லியமாவா?"

சுந்தரலிங்கத்தின் கை தளர்ந்தது. அப்படியே சறுக்கி மெத்தையில் உட்கார்ந்தார்.

"மொக்கைச்சாமி அண்ணே, நீங்கதான் இங்கன உசரம். அந்த முக்காலியில ஏறி மேல தொட்டுப் பாருங்க."

மொக்கைச்சாமி ஏறினார். ஏழடியில் தடவினார். எட்டடியில் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். "சுக்காக் காஞ்சு கெடக்கு. எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க மாப்ளே வழுக்குது?"

சுந்தரலிங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நேற்றுப் பூசின கை இது. ஒரு விரல்கடை விட்டுப்போகாமல் பூசின கை. எண்ணெய் எங்கே போயிற்று? எண்ணெய் இருக்கிறது என்று சொன்னால் பூசினது தான்தான் என்று ஆகிவிடும். இல்லை என்று சொன்னால் எதற்காக வழுக்கும் என்றாய் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை தேடினார். இருமல்தான் வந்தது.

"நானே சொல்றேன்," என்றாள் அக்கம்மாள். "நேத்து சாயங்காலம் பெரியகுளத்துல இருந்து வந்தேன். மாடிக்கு வந்தா இங்கன ரெண்டு மெத்தை கெடக்கு. இருபத்தாறு வருஷத்துல இவுக தன் பாயைக்கூடத் தானா விரிச்சதில்ல. தலகாணி கீழ விழுந்தாக்கூட என்னைக் கூப்புடுவாக. அப்படிப்பட்ட மனுஷன் மெத்தையைத் தூக்கிட்டு பதினேழு படி ஏறியிருக்காகன்னா, நான் விழப்போறேன்னு இவுகளுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரிஞ்சுச்சு? முக்காலியப் போட்டு மேல தடவினேன். வெளக்கெண்ணெயி, வெந்தயம், கத்தாழை."

"நாலு பங்கு, ஒரு பங்கு, ஒரு பங்கு," என்றார் மொக்கைச்சாமி பயபக்தியோடு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கலவை அது.

"அண்ணே," என்றாள் விஜி முதன்முறையாக வாயைத் திறந்து, "கோயில் மரம் பூசுற கையா இது?"

அவர் தலை குனிந்தார். இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஞானபாக்கியம் டீச்சர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பஞ்சாயத்துப் பண்ணினவர். "மெத்தை போட்டதுக்குப் பாதி மார்க் குடுக்கலாம் அக்கம்மா. விழுந்தா அடிபடக் கூடாதுன்னு நெனச்சிருக்காகல்ல?"

"அதனாலதான் டீச்சர் நேத்து ராத்திரி சோறு போட்டேன்."

பிறகு அக்கம்மாள் ஷீபாவின் டப்பாவில் கையை விட்டாள். உள்ளங்கை வெளுத்தது. கம்பத்தின் முன்னால் நின்று ஒரு மூச்சு விட்டாள். வலது கை மேலே. இடது கை கீழே. முழங்காலால் ஒரு கவ்வு.

ஒரு எட்டு. கை ஏழடியில்.



இரண்டாம் எட்டு. கை எட்டடியில். அங்கே ஒரு விநாடி நின்றாள். தோள்பட்டை நடுங்கியது. சுந்தரலிங்கம் தன்னை அறியாமல் மெத்தையை விட்டு எழுந்து, அதை நாலு விரல்கடை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"ஆன்ட்டி, காலை நம்புங்க," என்றாள் ஷீபா. "கையை விடக் காலுக்கு பலம் அதிகம்."

மூன்றாம் எட்டு. முழங்கால் ஏறியது. பாதம் கவ்வியது. வலது கையை எடுத்தாள். எட்டு மாதம் காதுக்கு மேலே எழும்பாத கை. அது எழும்பி, நீண்டு, ஒன்பதடி பத்து அங்குலத்தில் மேல்தளத்தை அறைந்தது. வெள்ளையாக ஐந்து விரலும் பதிந்தன.

அவள் உடனே இறங்கவில்லை. ஏறின வேகத்தில் கொண்டை அவிழ்ந்திருந்தது. இரண்டு காலாலும் கம்பத்தைக் கவ்விக்கொண்டு, இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் கூந்தலைச் சுருட்டி அங்கே மேலேயே முடிந்து செருகிக்கொண்டாள். கடைவீதியில் நிற்கிறவளைப் போல. பிறகு சரசரவென்று இறங்கி, வரும்போதே ஒரு சுற்றும் சுற்றிவிட்டு, தரையில் கால் வைத்தாள்.

கைதட்டல் நின்றபோது ஜக்கம்மா சேலையைச் செருகிக்கொண்டு கம்பத்தின் பக்கம் போனாள்.

"ஏய், நீ எங்க போற?" என்றார் மொக்கைச்சாமி.

"என் முறைங்க."

"நீயுமா!"

"ஊரு பூராப் போயி மூணு பொம்பளைக தொங்குறாகன்னு சொன்னீகள்ல? தப்புங்க. ஷீபாகிட்ட கத்துக்கிறது நாங்க நாலு பேரு. டீச்சரை விட்டுட்டீக." சொல்லிக்கொண்டே ஜக்கம்மா காலைத் தூக்கிக் கம்பத்தில் போட்டு ஒரு சுழற்று சுழன்றாள். மொக்கைச்சாமி பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரித்தார். இந்தத் தடவை சொல்வதற்கு அவரிடம் சேதி இல்லை.

"மச்சான்," என்று மெல்லக் கூப்பிட்டார் சுந்தரலிங்கம். "வெளியில சொல்லிராதய்யா."

"எதைச் சொல்ல? நீ எண்ணெய் பூசினதையா, இவ சுத்துறதையா? ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணும் வெளிய வந்துரும். நான் வாயே தெறக்க மாட்டேன் மாப்ளே."

அந்த மட்டுக்கும் சுந்தரலிங்கத்துக்கு லாபம். மூட்டைகளைத் தூக்க ஆரம்பித்தார். மொக்கைச்சாமி ஒரு கை கொடுத்தார். முப்பத்து நாலு மூட்டையும் ஷெட்டுக்குப் போய்ச் சேரப் பகல் இரண்டு மணி ஆயிற்று. கடைசி மூட்டையைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். ஒரு விஷயம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. தொழில் சம்பந்தமான விஷயம்.

"இந்தா, ஒண்ணு கேக்குறேன். அந்தப் பூச்சு லேசுல போகாது. கோயில் மரத்துல மழை பேஞ்சாலும் பத்து நாளு நிக்கும். சுக்காக் காயிற மாதிரி எப்படித் தொடச்சே?"

"படாத பாடு பட்டேங்க. ஒரு துணி தொடச்சா அது வழவழன்னு ஆயிருது. அதைப் போட்டுட்டு வேற எடுக்கணும். அதுவும் ஆயிரும். வேற எடுக்கணும்."

"என்ன துணி?"

"நல்லா உறிஞ்சற துணி. துண்டு."

"எந்தத் துண்டு?"

"பீரோவுல மேல் தட்டுல அடுக்கி வச்சிருந்தீகளே, பட்டைக்கரை போட்டது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு கோயில்ல ஒங்களுக்குப் போத்திவிடுவாகளே, அது. புதுசு பாருங்க, என்னமா உறிஞ்சுது!"

சுந்தரலிங்கம் பதினேழு படியையும் ஒன்பது தாவலில் இறங்கினார். வருஷத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு துண்டு. ஒன்றைக்கூட அவர் தோளில் போட்டதில்லை. பாச்சை உருண்டை போட்டு, மடிப்புக் கலையாமல், விருந்தாளி வந்தால் பீரோவைத் திறந்து காட்டுவதோடு சரி. இப்போது கொல்லையில் இரண்டு வாளி நிறைய விளக்கெண்ணெய் நாற்றத்தோடு ஊறிக்கொண்டிருந்தன. எடுத்து எடுத்துப் போட்டு எண்ணினார். பத்தொன்பது. மறுபடியும் எண்ணினார். பத்தொன்பதுதான். பீரோவைத் திறந்தார். மேல் தட்டில் மூன்று துண்டு இருந்தது.

மூன்றையும் நெஞ்சோடு அணைத்து எடுத்தபோது மாடியிலிருந்து அக்கம்மாளின் குரல் வந்தது.

"ஏங்க! ஜக்கம்மாவுக்கும் விஜிக்கும் கை வேர்க்குதாம். வரும்போது ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கிட்டு வாங்க!"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, இரண்டை எடுத்துக்கொண்டு படியேறினார்.

பீரோவில் மீதி ஒன்று.